ரைஷாவின் இரண்டாவது சாவி

என் வீட்டுக்காரர் கூமூர், பாலைவனத்துத் திமியா ஊரில் வெள்ளிக் கொல்லர். ஊர்ப் பெண்கள் நகை வைக்கும் தோல் பையை நான் தைப்பேன். அதற்குப் பூட்டு அவர் வேலை. பூட்டுக்கு ஒரே சாவிதான். அதை முக்காட்டு நுனியில் கட்டித் தோளுக்குப் பின்னால் தொங்கவிட்டால் காற்றுக்கு முக்காடும் பறக்காது, சாவியும் தொலையாது. இரண்டாவது சாவி அவர் யாருக்கும் செய்து கொடுத்ததில்லை; பைக்காரியைத் தவிர வேறு கைக்குச் சாவி போகாது என்பது அவர் சொல். அப்பேர்ப்பட்ட மனுஷனை நான் ஒருமுறை திருடன் என்று நினைத்துவிட்டேன்.

ஊர்ப் பெரிய வீட்டுக்காரர் அத்தாஹெர் பட்டறைக்கு வந்து, மனைவி ரைஷாவின் பைக்கு அவளுக்குத் தெரியாமல் ஒரு சாவி வேண்டும் என்றார். அவருக்கு ஒட்டகம் வாங்க ஆசை. பையில் இருந்ததோ ரைஷாவுக்கு அவள் அம்மா கொடுத்த வெள்ளி. புருஷன் தொடக் கூடாத சொத்து. ஆனால் அந்த வீட்டுக் கம்புதான் வருஷம் முழுக்க எங்கள் அடுப்பில் வேகிறது. இவர் மறுபேச்சில்லாமல் தலையாட்டினார்.

மூன்று நாள் உட்கார்ந்து செய்தார். சாவியின் தலையில் வெள்ளித் தகடு, அதில் மயிரிழைக் கோடுகள்.

"செய்யறது திருட்டு வேல. இதுல சிங்காரம் வேறயா?" என்றேன்.

"திருட்டுச் சாவிக்கு எவனாச்சும் வெள்ளி வைப்பானா?" என்று சிரித்தார். கோபத்தில் எனக்கு அது உறைக்கவில்லை.

ரைஷாவின் குழந்தைக்குப் பெயர் வைக்கும் விருந்து வந்தது. விருந்தில் கிடா அறுப்பதும் கறி பங்கு போடுவதும் கொல்லர்கள்தான். சத்தம் போட்டுப் பேசும் உரிமையும் எங்களுக்குத்தான். பெரிய வீட்டுக்காரர்கள் கௌரவம் பார்த்து வாயே திறக்க மாட்டார்கள். கூமூர் கூட்டத்தின் நடுவே போய் நின்றார்.

"தாயி ரைஷா, உன் பைக்கு இன்னொரு சாவி செய்யச் சொன்னாரு உன் வீட்டுக்காரரு. உனக்குத் தெரியக் கூடாதுன்னும் சொன்னாரு. ஒரு தோளு மினுங்குது, ஒரு தோளு வெறுமையா இருக்குன்னு மனுஷனுக்குப் பொறுக்கல போல. இந்தா."

பெண்கள் குலவையிட்டார்கள். இப்படி ஒரு புருஷன் யாருக்கு வாய்க்கும் என்று ஆளாளுக்கு மெச்சினார்கள். அத்தாஹெர் இல்லை என்று சொல்ல முடியுமா? எங்கள் ஆண்கள் முகத்தை மூடிக் கட்டும் துணியை இன்னும் ஒரு விரல் மேலே ஏற்றிக்கொண்டார். எனக்கோ என் புருஷனை நினைத்து நெஞ்சு கொள்ளவில்லை. அடுப்பைப் பற்றிய பயமும் கூடவே இருந்தது.

மறுநாள் ரைஷா ஒரு பை கம்போடு வந்தாள்.

"சாவியப் போட்டுப் பாத்தேன்க்கா. பூட்டு திறந்துச்சு. அழகுக்குச் செஞ்ச சாவி எதுக்குத் திறக்கணும்?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் கம்பை என் பக்கம் தள்ளினாள்.

"என் வீட்டுக்காரரு அனுப்பலன்னாலும் இனி இது வரும். கொல்லரு சொல்லு தவறல. ரெண்டு சாவியும் என்கிட்டதான இருக்கு?"