தெளிந்த கண்ணையும் நம்பாத டாக்டர் யூசுப்

வியாழக்கிழமை காலை மயிலாப்பூர் வீட்டில் நான் சவரம் செய்துகொண்டிருந்தேன். என் மனைவி வந்து, "வாசல்ல யாரோ வந்து நிக்கறா. முகமே சரியில்லை" என்றாள். வந்திருந்தவர் என்னோடு வேலை பார்த்த டாக்டர் யூசுப் அவர்களின் தம்பி. ராயப்பேட்டையிலிருந்து சைக்கிளில் வந்திருந்தார். "விடியக்காலம் அண்ணன் தவறிட்டாங்க, டாக்டர்" என்றார். முகத்து நுரையைத் துண்டால் துடைத்துவிட்டு அவரை உள்ளே அழைத்து உட்காரவைத்தேன்.

ஈரல் நோயை ஆராய்ந்தவர் ஈரல் நோயிலேயே போய்விட்டார். அவரை அறியாதவர்கள் அதைக் கேட்டுப் பரிதாபப்படுவார்கள். உடனிருந்த நான் என்ன பார்த்தேன் என்பதைச் சொல்ல வேண்டும்.

யுத்தம் தொடங்கியிருந்த சமயம் அவர் எங்கள் மருத்துவமனைக்கு வந்தார். எங்களிடம் ஊசி மருந்து போட்டுக்கொண்டு வீடு திரும்பியவர்களில் சிலர், சில மாதம் கழித்துக் காமாலையோடு திரும்பி வருவார்கள். மருந்தின் வீரியம்தான் ஈரலைத் தாக்குகிறது என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம். யூசுப் அவர்கள் ஊசி போடும் இடத்தில் ஒரு காலை முழுக்க நின்று பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"மருந்து மேல தப்பில்லைன்னு தோணுது. ஒருத்தர் ரத்தம் ஊசியோட அடுத்தவருக்குப் போகுது. அதுல என்னமோ இருக்கு."

"என்ன கிருமி?"

"தெரியாது. மைக்ராஸ்கோப்புல சிக்காது. ஆனா இருக்கு."

ஸ்பிரிட்டால் துடைத்தால் போதாது, ஒவ்வொருவருக்கும் சிரிஞ்சைக் கொதிக்க வைக்க வேண்டும் என்றார். யுத்தகாலத் தட்டுப்பாட்டில் அதைக் கேட்டு முகம் சுளிக்காதவர் இல்லை. மேலிடத்தில் மன்றாடி, ஒரு வார்டிலாவது செய்யவைத்தார். அந்த வார்டிலிருந்து போனவர்கள் காமாலையோடு திரும்பி வருவது அரிதாயிற்று.

அந்த நாட்களில்தான் நோயாளி ஒருவரின் ரத்தம் இருந்த கண்ணாடிக் குழாய் உடைந்து அவர் விரலைக் கிழித்தது. பிறகு அவருக்கே காமாலை கண்டது. கண்ணில் மஞ்சள் போய்த் தெளிந்ததும் வேலைக்கு வந்துவிட்டார். நோய் போய்விட்டது என்றே நினைத்தோம்.

யுத்தம் முடிந்த பின், உயிரோடிருப்பவரின் ஈரலில் ஊசி செலுத்தி ஒரு துணுக்கை எடுத்துப் பார்க்கும் முறையைப் படித்தோம். அதுவரை இறந்தவர்களின் ஈரலைத்தான் பார்த்திருந்தோம். தி. நகரில் கைவண்டி இழுக்கும் கன்னியப்பன் அப்போது வார்டில் காமாலையோடு இருந்தார். யூசுப் அவர்கள் விஷயத்தை எடுத்துச் சொன்னதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"இன்னா டாக்டரே, ஈரல்ல குத்துவியா? மொதல்ல உன் ஈரல்ல குத்திக் காட்டு. அப்பால எனக்குக் குத்து."

வார்டே சிரித்தது. யூசுப் அவர்கள் மட்டும் சிரிக்கவில்லை. "அவர் கேக்கறது நியாயம்தானே" என்றார்.

மறுநாள் கன்னியப்பனுக்குப் பக்கத்துக் கட்டிலில் சட்டையைக் கழற்றிவிட்டுப் படுத்துக்கொண்டார். ஊசி என் கையில் இருந்தது. உள்ளே ரத்தம் கசிந்தால் உயிருக்கே ஆபத்து என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். "மூச்சை விட்டு நிறுத்திக்கறேன். தயங்காம ஒரே குத்தா குத்துங்க" என்றார். நூல் போல் ஒரு துணுக்கு வந்தது.

கன்னியப்பன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "வலிக்குதா நைனா?"

"தோள்பட்டையில கொஞ்சம். ஈரல்ல குத்தினா வலி அங்கதான் தெரியும்."

"சரி, எனக்கும் குத்து."

சில நாட்களில் இரண்டு துணுக்குகளும் கண்ணாடித் தகட்டில் தயாராயின. கன்னியப்பனின் ஈரல் தேறிக்கொண்டிருந்தது. யூசுப் அவர்களின் ஈரலில் தழும்பு ஓடியிருந்தது. நான் மைக்ராஸ்கோப்பைத் திரும்பத் திரும்பச் சரிசெய்வதைக் கண்டு, என்னை நகரச் சொல்லி அவரே குனிந்து பார்த்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"கண் தெளிஞ்சா போச்சுன்னு நினைச்சோம். போகலை. உள்ளயே இருந்திருக்கு." நீண்ட நாள் தேடியதைக் கண்டுகொண்டவரின் குரலில்தான் அதைச் சொன்னார். பிறகு மெல்ல, "கன்னியப்பன்கிட்ட சொல்லாதீங்க. பயந்துடுவார்" என்றார்.

அதன்பின் குணமாகிவிட்டது என்று நாங்கள் அனுப்பியவர்களையெல்லாம் தேடிப் போனார். அடையாறு தாண்டி மீனவர் குப்பம் வரைக்கும் நடந்தார். மீண்டும் வந்து காட்டச் சொல்லி வாசலில் நின்று கெஞ்சினார். வந்தவர்களில் சிலருக்கு உள்ளே நோய் நீடிப்பதைக் கண்டோம். வயிற்றில் நீர் கோத்து அவரால் நடக்க முடியாமல் போனதும் கட்டிலில் படுத்தபடியே அவர்களைப் பற்றி விசாரித்தார். போன வாரம் என்னிடம் சொன்னார்: "இதுக்கு மருந்து நம்ம காலத்துல வராது. பின்னால வர்றவங்களுக்கு எங்க தேடணும்னாவது தெரியட்டும்."

வியாழக்கிழமை மாலையே ராயப்பேட்டையில் அவரைச் சந்தூக்குப் பெட்டியில் வைத்துத் தூக்கினார்கள். தெருக்கொள்ளாத கூட்டம். யாரோ நகர்ந்து எனக்கு இடம் விட்டார்கள். நானும் தோள் கொடுத்தேன். சுமை அவ்வளவு லேசாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. சில அடி நடப்பதற்குள் வேறொரு தோள் வந்து அதை வாங்கிக்கொண்டது, அதனிடமிருந்து இன்னொன்று. நான் ஓரமாக ஒதுங்கிக் கைகூப்பி நின்றேன். சுமப்பவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். தலைகளுக்கு மேலே அவர் எங்கும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தார்.

போய் வாருங்கள், டாக்டர்.