ஷெரீப் சாகவில்லை

கௌபாய் ஊர்க் காவல் அதிகாரி ஷெரீப் உயிரோடு இருக்கிறார். தகவல் தந்தவர், இன்று காலை ஒரகடம் பஸ்ஸில் என் முன்சீட்டில் இருந்த மண்ணூர் தேவி.

தொழிற்சாலையில் ஒரே லைனில் வேலை பார்க்கும் தேவியும் தோழிகளும், ஷெரீப் சிறுகதைத் தொகுப்பு ஒன்றை ஆளுக்கொரு கதையாகக் கிழித்துப் பிரித்து, மாற்றி மாற்றிப் படிக்கிறார்கள்.

தேவி பக்கத்தில் இருந்த தென்காசி செல்வியின் கையிலிருந்த கதை, ஷெரீப் தோளில் குண்டு பாய்ந்து விழுவதோடு முடிகிறது. செல்வி கண் கலங்கியிருந்தார்.

"ஏ பிள்ள, அவரு செத்துட்டாரு."

"இன்னாடி நீ! என் கதையில குந்திகினு காபி குடிக்கிறாரு."

"அது முந்தி நடந்ததா இருக்கும்."

நான் குறுக்கிட்டேன். "தோள்ல கட்டு இருக்காம்மா?"

தேவி பக்கத்தைப் புரட்டினார். "கீது சார்!"

செல்வி மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தார்.

சுட்டவன் பிடிபட்டானா என்பது உறுதியாகவில்லை. அது வரும் கதை நைட் ஷிப்ட் மேரியிடம் இருக்கிறது, சனிக்கிழமை கைமாறும்.

அன்றைக்கு நானும் அதே பஸ்ஸில்தான். முடிவு தெரிந்தவர்கள் கமெண்டில் வாயைத் திறக்க வேண்டாம்.