நடந்தே பந்தயம் முடித்த செவலை

காளிச்சாமிக்கு ஒரு பழக்கம். யார் வீட்டுக் குதிரையைப் பார்த்தாலும் குனிந்து, புறங்கையால் அதன் காலைத் தொட்டுப் பார்ப்பார். சூடு இருக்கிறதா என்று பார்க்கிறாராம். இதற்காக இரண்டு முறை உதை வாங்கியிருக்கிறார், ஒரு முறை கடியும் பட்டிருக்கிறார். பழக்கம் மட்டும் போகவில்லை.

முதலமடை ரயில் நிலையத்துக்கும் கோவிந்தாபுரத்துக்கும் நடுவே குதிரை வண்டி ஓட்டியவர் அவர். வண்டிக்குச் செவலை என்றொரு பெண்குதிரை. ஆட்களையும் மாங்கூடைகளையும் இழுத்துக்கொண்டு தினம் பன்னிரண்டு மைல் போய்வரும். எழுபத்து நான்காம் வருஷம் சித்திரை நோன்பித் திருவிழாவுக்கு ரேக்ளா வண்டிப் பந்தயம் அறிவித்ததும் காளிச்சாமிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. செவலையின் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தார்.

வாய்க்கால் பாலத்திலிருந்து புளியமரம் வரை ஒரு மைல் ஓட்டம். முதல் ஞாயிறு தேர்வு, மறு ஞாயிறு இறுதி. தேர்வான குதிரை இறுதியில் எல்லைக்கோட்டைத் தாண்டியே ஆகவேண்டும். வராத குதிரைக்கு மூன்று வருஷம் பந்தயத்தில் இடம் கிடையாது. செவலைக்கோ அப்போதே பதிமூன்று வயது. மூன்று வருஷம் கழித்து அது ஓடுவதாவது!

பந்தயத்துக்குப் பத்து நாள் முன்பே காளிச்சாமி வண்டியை அவிழ்த்துவிட்டார். ஊறவைத்த கொள்ளு, மறையூர் வெல்லம், மதியம் குளியல் என்று செவலைக்கு ஏக உபசாரம்.

அவர் மனைவி பழனாத்தாளுக்கு இது பிடிக்கவில்லை. “ஏனுங்க, தெனம் ஓடற காலை இப்படிக் கட்டிப்போட்டா மரத்துப் போகாதுங்களா?”

“உனக்கென்ன புள்ள தெரியும்? தெம்பைச் சேத்து வெக்கறேன். அன்னிக்குப் பாரு!”

அன்றைக்கு ஊரே பார்த்தது. செவலை பறந்தது. இரண்டாவதாக வந்து இறுதிக்குத் தேர்வானது. கழுத்தில் மாலையோடு அதை வீட்டுக்குக் கூட்டிவந்த காளிச்சாமி, வழியெல்லாம் தன் தலைப்பாகையைத் தானே சரிசெய்துகொண்டு வந்தார்.

மறுநாள் காலையில் செவலை முன்கால்களைத் தரையில் அழுத்தி ஊன்ற முடியாமல் நின்றது. முழங்காலுக்குக் கீழே பூசணிப் பிஞ்சு போல வீக்கம். காளிச்சாமி அப்படியே மண்ணில் உட்கார்ந்து, வெட்கமில்லாமல் அழுதார்.

பக்கத்துத் தோட்டத்து நல்லதம்பி ஓடிவந்து, “இரும்பைக் காய்ச்சி நாலு இழுப்பு இழுங்க. வீக்கம் வத்திப் போகும்” என்றார். அந்தப் பக்கத்தில் கால்நடை எதற்கு வீங்கினாலும் சூடு போடுவதுதான் வழக்கம். காளிச்சாமியும் எழுந்து இரும்பைத் தேடி எடுத்துவிட்டார்.

பழனாத்தாள் புறங்கையைச் செவலையின் காலில் வைத்துப் பார்த்தாள். சுரீர் என்றது. “ஏற்கெனவே சூடாக் கெடக்கற காலுக்கு இன்னொரு சூடாங்க? தொடப்படாது!” என்று இரும்பைப் பிடுங்கிக் கிணற்றில் போட்டுவிட்டு, பஸ் ஏறிப் போய் மிருக டாக்டர் சுவக்கீனைக் கையோடு கூட்டிவந்தாள்.

டாக்டர் மூணாறு எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர்; பேச்சு தெற்கத்திப் பேச்சு. காலை அமுக்கிப் பார்த்தார்.

“தெனம் ஓடுன குதிரையைப் பத்து நாளு மாப்பிள்ளை மாதிரி ஒக்கார வச்சீரா?”

காளிச்சாமி பழனாத்தாளைப் பார்க்காமல் தலையை ஆட்டினார்.

“மூச்சைப் பிடிச்சு ஓடுனா தசையும் நரம்பும் உள்ளுக்குள்ள நைஞ்சு போகும்வே. அதைச் சரிபண்ண ஒடம்பு அங்க ரத்தத்தை அனுப்பும். அதான் சூடு, அதான் வீக்கம். பழகுன ஒடம்புல லேசா வந்து லேசாப் போயிரும். பழக்கம் விட்ட ஒடம்புல இப்படித்தான் ஆளையே சாய்ச்சிரும். ரெண்டு நாளு அசைக்காதீரு. காலுல பச்சைத்தண்ணி ஊத்தும். அப்புறம் தெனம் ஒரு மைல், கையில பிடிச்சு மெள்ள நடத்தும். வண்டி பூட்டி ஓட்டுனீரோ, ஆயுசுக்கும் நொண்டிதான்.”

“ஞாயித்துக்கிழமை இறுதி ஓட்டமுங்க...”

“ஓட்டமா, குதிரையா? நீரே முடிவு பண்ணும்.”

ஆறு நாள் காளிச்சாமி சரியாகச் சாப்பிடவில்லை. தண்ணீர் ஊற்றுவார், நடத்துவார், புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். வியாழனன்று சூடு குறைந்தது. சனியன்று வீக்கமும் பாதியாக வற்றியது. பந்தயத்துக்குப் பூட்டும் சவாரிப் பெட்டி வண்டியைத் துடைத்து வைத்த நல்லதம்பி, “ஒரே ஒரு மைலுங்க, தாங்கிக்கும்” என்று ஆசை காட்டினார். காளிச்சாமிக்கு நாக்கில் எச்சில் ஊறியது உண்மை.

ஞாயிறு மதியம் கொடி அசைந்தது. ஐந்து வண்டிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பறந்தன. புழுதி அடங்கிய பிறகு பாலத்தில் ஆறாவது குதிரை தெரிந்தது. வண்டி இல்லை. தலைக்கயிற்றைக் கையில் பிடித்தபடி காளிச்சாமி நடந்தார். பக்கத்தில் செவலை நடந்தது.

கூட்டம் ஊளையிட்டது. “ஏனுங்கோ, அடுத்த நோன்பிக்காச்சும் வந்து சேருவீங்களா?” என்று யாரோ கத்தினார்கள்.

“டாக்டர் தெனம் ஒரு மைல் நடத்தச் சொன்னாருங்க. இன்னிக்கு நடையை இங்க நடக்கறோம்!” என்று காளிச்சாமி திருப்பிக் கத்தினார். அவமானத்தில் காது மடல் சிவந்திருந்தது. ஆனால் நடையை ஓர் அடிகூட வேகப்படுத்தவில்லை.

முதல் பரிசைக் கொடுத்து முடித்த பிறகும் எல்லைக்கோட்டில் நின்று முடிவு சொல்லும் சின்னமுத்து கொடியோடு காத்திருந்தார். வண்டியோடு வரவேண்டும் என்று பந்தய விதியில் எழுதவில்லையே! முக்கால் மணி நேரம் கழித்துச் செவலை கோட்டைத் தாண்டியதும் கொடியை இறக்கினார். சிரித்த கூட்டம்தான் கைதட்டவும் செய்தது.

காளிச்சாமிக்கு அது எதுவும் காதில் விழவில்லை. கோட்டுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் வாளியோடு நின்ற பழனாத்தாள் குனிந்து, இரண்டு முன்கால்களிலும் புறங்கையை வைத்தாள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“சில்லுன்னு இருக்குதுங்க” என்றாள்.