ஏழு பேரின் மதம்

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் அவளை ஐஸக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வேலை பிணவறையில், அந்த அறைக்கு ஐஸ் ரூம் என்று பேர், அதனால் ஐஸக்கா. முதலில் வார்டில் தரை துடைத்துக்கொண்டிருந்தவள். பிணவறைக்கு எடுத்த ஆண்கள் மூன்று பேர் ஒருவர்பின் ஒருவராக ஒரு மாதம்கூடத் தாங்காமல் ஓடிப்போனபோது, நீ போறியாம்மா என்று மேற்பார்வையாளர் பேச்சுக்குத்தான் கேட்டார். அவள் சரி என்றுவிட்டாள். அங்கே பகல் வேலை மட்டும்தான். மகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வீட்டில் ஆள் இருக்க வேண்டும். காரணம் அவ்வளவே. துணிச்சலும் இல்லை, தொண்டும் இல்லை.

லேத் பட்டறையில் வேலை செய்த கணவர் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு பழகிப்போனது. நாத்தனார்தான் கடைசிவரை பழகவில்லை. வந்தால் நாற்காலி நுனியில் உட்காருவாள். இவள் கொடுக்கும் தண்ணீரை உதடுவரை கொண்டுபோய் அப்படியே கீழே வைப்பாள். "இப்போ தாகமில்லையாம். ஒருநாள் என் கைக்குத்தானே வரணும், அப்போ நானே ஊத்துறேன்" என்று அவள் போனபிறகு ஐஸக்கா சிரிப்பாள்.

இரண்டாம் வருடம் ஒரு தப்பு நடந்தது. வார்டில் ஒரு வயதான அம்மாள் இறந்துபோனார். பௌத்தக் குடும்பம். ஐஸக்கா தள்ளுவண்டியோடு போனபோது மகன் குறுக்கே வந்து நின்று, தொடாதீங்க, அம்மா இன்னும் முழுசா போகல என்றான். துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று இவள் நினைத்தாள். பக்குவமாகவே அவனை விலக்கி, கண்களை மூடிவிட்டு, தாடையைக் கட்டினாள். அவன் தரையில் உட்கார்ந்து, எல்லாம் கெட்டுப்போச்சே என்று அழுதான். பிரேதப் பரிசோதனை டாக்டர்தான் பிறகு விளக்கினார்: மூச்சு நின்ற பிறகும் உணர்வு உடம்பைவிட்டுப் பிரியச் சில மணி நேரம் ஆகும், அதற்குள் தொட்டால் போகிறவருக்குக் கலக்கம் உண்டாகும் என்று அவர்களில் சில பிரிவினர் நம்புகிறார்களாம்.

தெரியாமல் செய்தது என்று எல்லாரும் சொன்னார்கள். தெரியாமல் செய்யும் இடமா அது? அந்த வாரமே மகளின் பாடப்புத்தகத்தில் உலக மதங்கள் பற்றிய பாடத்தைத் தேடி எடுத்து, எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தாள். அது போதாமல், பிணவறைக்கு வருகிறவர்களையும் கேட்டாள். உடலைக் குளிப்பாட்ட மசூதியிலிருந்து வரும் பெண்கள், பாதிரியார், சுடுகாட்டுக்கு மந்திரம் சொல்ல வருபவர் என்று ஒருவரையும் விடவில்லை. உங்க மதம் எப்படிங்க ஆரம்பிச்சுது என்பாள். பிணவறை வாசலில் யாரும் எதிர்பார்க்காத கேள்வி. ஆனாலும் காத்திருக்கும் நேரத்தில் பதில் சொன்னார்கள்.

கேட்கக் கேட்க அவளுக்கு ஒன்று பிடிபட்டது. பாடப்புத்தகம் ஆண்டுகளையும் ஊர்களையும் சொன்னது. இவள் காதில் விழுந்ததெல்லாம் சாவுக் கதைகள். அரண்மனையில் பொத்திப் பொத்தி வளர்த்த இளவரசன் ஒருநாள் தெருவில் பிணம் ஒன்று போவதைப் பார்த்தான்; அந்தக் காட்சிதான் அவனைப் புத்தனாக்கும் வழியில் இறக்கிவிட்டது. யூதர்களின் மூதாதை ஆபிரகாம் கடவுள் வாக்களித்த நிலத்தில் முதன்முதலாகத் தனக்கென்று வாங்கியது வீட்டு மனையல்ல, மனைவியைப் புதைக்க ஒரு குகை. கிறிஸ்தவர்களுக்கு எல்லாமே தொடங்குவது மூன்றாம் நாள் காலியாகக் கிடந்த ஒரு கல்லறையில். இஸ்லாத்தின் நபிகள் பிறக்குமுன்பே தகப்பனை இழந்தவர். பின்னாளில் அவருடைய குழந்தை இறந்த அன்று சூரிய கிரகணம் பிடித்தது. சூரியனே துக்கம் காக்கிறது என்று ஊர் சொன்னபோது, அழுதுகொண்டிருந்த அவர், யார் செத்தாலும் பிறந்தாலும் சூரியனும் சந்திரனும் மறைவதில்லை என்று திருத்தினார். இந்து மதத்துக்கு இன்னார்தான் தொடங்கியவர் என்று யாருமில்லை. ஆனால் அவர்களுடைய பழைய கதையொன்றில் ஒரு பையன் எமன் வீட்டு வாசலில் மூன்று நாள் பட்டினி கிடந்து, செத்த பிறகு என்ன என்று அவனிடமே கேட்கிறான். சீக்கியர்களின் முதல் குரு மறைந்தபோது எரிப்பதா புதைப்பதா என்று அவருடைய ஆட்களே இரண்டு பிரிவாக நின்றார்களாம். போர்வையை விலக்கினால் பூக்கள் மட்டுமே இருந்தன என்று நம்புகிறார்கள்.

இந்தக் கடைசிக் கதை ஐஸக்காவை விடவில்லை. "நம்ம கைக்கு வர்றது ஒண்ணாவது அப்படிப் பூவா மாறியிருக்கா?" என்று பிணவண்டி ஓட்டுநரிடம் பிறகு கேட்டாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

அவள் அந்த வேலைக்கு வந்து பதினான்கு வருடம் ஆனபோது, ஆற்றுக்கு அடியில் தோண்டிக்கொண்டிருந்த சுரங்கப் பாதையில் தண்ணீர் புகுந்தது. உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள் என்று ஒருவருக்கும் நிச்சயமில்லை. பல தேசங்களிலிருந்து ஆள் பிடித்துக் கொண்டுவந்த ஒப்பந்தக்காரர் பெயர்ப் பட்டியலோடு தலைமறைவாகிவிட்டார். தண்ணீரை இறைத்து முடிக்க ஒன்பது நாள் ஆனது. பதினாறு உடல்கள் வந்தன. ஒன்பது பேரைச் சட்டையையும் மோதிரத்தையும் பல்லையும் வைத்து உறவினர்கள் கண்டுகொண்டார்கள். மீதி ஏழு பேருக்கு முகமும் இல்லை, ஆளும் இல்லை.

ஏழு பேர்மீதிருந்த சேற்றையும் அவள்தான் கழுவினாள். நகக்கண்ணில் புகுந்திருந்த களிமண்ணைத் துணி நுனியால் எடுத்தாள். ஒருவன் மணிக்கட்டில் சாயம்போன கயிறு இருந்தது. சாமிக் கயிறு என்றார் பிணவறைப் பதிவேடு எழுதும் குமாஸ்தா. தங்கச்சி கட்டிவிட்டதாகவும் இருக்கலாமே என்றாள் அவள். உடம்பில் வேறு அடையாளம் பார்த்தால் தெரிந்துவிடாதா என்று அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டதற்கு, விருத்தசேதனம் யூதர்களுக்கும் உண்டு, முஸ்லிம்களுக்கும் உண்டு, நோய்க்காகச் செய்துகொண்டவர்களும் உண்டு, அதை நம்பி முடிவெடுக்க முடியாது என்று டாக்டர் வாயை அடைத்துவிட்டார். ஆளுக்கொரு பல்லை எடுத்து மரபணுச் சோதனைக்குப் பத்திரப்படுத்தி வைத்தார்.

ஒரு மாதம் கழிந்தது. குளிர்பெட்டிகள் போதவில்லை. ஏழு பேரையும் மின்மயானத்தில் எரித்துவிடலாம் என்று ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் உத்தரவு எழுதினார். வேகமாக முடியும், சுத்தமாகவும் முடியும். கையெழுத்துப் போடும் நேரத்தில் ஐஸக்கா அவர் அறைக்குள் போய் நின்றாள். அதற்குமுன் அந்த அறைக்குள் அவள் துடைப்பத்தோடுதான் போயிருக்கிறாள்.

"ஐயா, எரிக்க வேண்டாம்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஏம்மா, உன் சொந்தக்காரங்களா?"

"இல்லைங்க. இதுல ஒருத்தன் முஸ்லிமா இருந்தா எரிக்கவே கூடாது. யூதனா இருந்தாலும் பெரும்பாலும் அப்படித்தான். கிறிஸ்தவங்கள்ல சிலபேர் ஒத்துப்பாங்க, சிலபேர் மாட்டாங்க. இந்துவோ சீக்கியனோ இருந்தா எரிக்கத்தான் வேணும். நமக்குத் தெரியலையே. புதைச்சவனை எடுத்து எரிக்கலாங்கய்யா. எரிச்சவனை எடுத்துப் புதைக்க முடியுமா?"

அவர் பேனாவை மூடினார். பிறகு, பார்சிக்காரர் யாராவது இருந்தால் என்ன செய்வாய் என்று கேட்டார். மண்ணையும் நெருப்பையும் பிணம் படாமல் காப்பது அவர்கள் மரபு என்பது அவளுக்கும் தெரிந்திருந்தது. அப்படி ஒருத்தர் இருந்தால் அவரிடம் மன்னிப்புக் கேட்பதைத் தவிர வழியில்லை என்றாள்.

உத்தரவு மாறியது. பொது இடுகாட்டின் ஓரத்தில் ஏழு குழிகள், தனித்தனியாக, ஒன்று முதல் ஏழு வரை எண் அடித்த தகடுகளோடு தோண்டினார்கள். எல்லாரையும் வலப்பக்கமாகச் சாய்த்து, மெக்கா இருக்கும் திசை பார்த்துக் கிடத்தச் சொன்னாள். ஒரு மதம் அதை வேண்டும் என்கிறது, மற்ற மதம் எதுவும் கூடாது என்று சொல்லவில்லை என்பது அவள் கணக்கு. எல்லா மதத்துப் பெரியவர்களுக்கும் சொல்லி அனுப்பியிருந்தாள். மூன்று பேர் வந்தார்கள். ஏழு பேருக்கும் மூவரும் பிரார்த்தனை செய்தார்கள். வராதவர்கள் யார் என்பதை அவள் கடைசிவரை வாய்விட்டுச் சொன்னதில்லை.

ஐஸக்காவுக்கு மதப் பைத்தியம் என்று ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் பேச்சு ஓடியது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

எட்டு மாதம் கழித்து இரண்டாம் எண் யாரென்று தெரிந்தது. முஸ்லிம் பையன். அண்ணன் வந்து, தம்பி கிடந்த திசையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த மண்ணருகே அரைநாள் உட்கார்ந்திருந்துவிட்டு, இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிப் போனான். ஐஸக்காவுக்கு அன்று நெஞ்சு நிறைந்தது. தான் செய்தது சரிதான் என்று நம்பினாள்.

இரண்டு வருடம் ஆனபோது நான்காம் எண்ணுக்குத் தாய் வந்தாள். நெடுந்தூரம் பயணம் செய்து வந்த ஒடிசலான பெண்மணி. தையல் வேலை செய்கிறவள். பல் ஒத்துப்போயிருந்தது. இந்துக் குடும்பம். மண்ணைத் தோண்டி, எஞ்சியதை வெள்ளைத் துணியில் கட்டி மேலே எடுத்தார்கள். தாய் அழவில்லை. புதைக்கச் சொன்னது யார் என்று கேட்டாள். வண்டி ஓட்டுநர் சும்மா இருந்திருக்கலாம். பெருமையாக ஐஸக்காவைக் காட்டினார்.

"ரெண்டு வருஷம்" என்றாள் தாய். "ரெண்டு வருஷமா என் பிள்ளை போக வழியில்லாம இங்கேயே நின்னிருப்பான். அன்னிக்கே நெருப்பு வெச்சிருந்தா போய்ச் சேர்ந்திருப்பான். உனக்கு யாரு அந்த உரிமையைக் கொடுத்தது?"

ஐஸக்காவிடம் பதில் இருந்தது. மற்ற ஆறு பேரைச் சொல்லியிருக்கலாம். எரித்திருந்தால் எது யாருடைய சாம்பல் என்றே தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தத் தாயின் கணக்கில் அதெல்லாம் நியாயமே அல்ல என்பது அவளுக்குப் புரிந்தது. இத்தனை வருடம் இவள் கேட்டுத் தெரிந்துகொண்டதெல்லாம் ஏழு பேருக்குப் பொதுவான வழி. தாய்க்கு ஏழு பேர் இல்லை, ஒருத்தன்தான். மன்னிச்சிடுங்கம்மா என்று மட்டும் சொன்னாள்.

எரியூட்டல் முடிந்து, சாம்பல் ஆறக் காத்திருந்தபோது, தாய் தானாகவே அவள் பக்கம் திரும்பினாள்.

"நீதான் குளிப்பாட்டுனியாமே."

"ஆமாம்மா."

"தண்ணி சூடா இருந்துச்சா? அவனுக்குப் பச்சைத் தண்ணி ஆகாது. சின்ன வயசுலேர்ந்தே சளி பிடிச்சுக்கும்."

பிணவறைக் குழாயில் எந்தக் காலத்திலும் வெந்நீர் வந்ததில்லை.

"சூடாத்தாம்மா இருந்துச்சு" என்றாள் ஐஸக்கா.

தாய் தலையை ஆட்டினாள். கையில் கலசத்தோடு அன்று மாலையே ஊருக்குப் புறப்பட்டுவிட்டாள். ஐஸக்கா வீட்டுக்கு வந்து கணவரிடம் இதைச் சொன்னபோது, நல்லதுக்குச் சொன்ன பொய்தானே, விடு என்றார் அவர். பிணவறைக்கு வருகிறவர்கள் நம்பிக் கொண்டுபோவது நாம் சொல்லும் வார்த்தையை மட்டும்தான், அதையும் பொய்யாகக் கொடுத்து அனுப்பிவிட்டேன் என்றாள் அவள்.

மீதி ஐந்து பேருக்கு யாரும் வரவில்லை. ஒப்பந்தக்காரரும் அகப்படவில்லை. ஐந்தாம் வருடம் இடுகாட்டில் இடம் போதவில்லை என்று ஓரத்துக் குழிகளை, இரண்டாம் எண்ணையும் விடாமல் திறந்து, எலும்புகளை ஒரே பள்ளத்தில் சேர்த்து மூடிவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு ஒரு வரி எழுதவில்லை. வேறு வேலையாக அந்தப் பக்கம் போன ஓட்டுநர் பார்த்துவிட்டு வந்து சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. உச்சி வெயிலில் நடந்தே போனாள். பள்ளத்தின்மேல் புது மண் மேடாக இருந்தது. தகடுகள் எங்கே என்று கேட்டாள். அதையும் சேர்த்தே உள்ளே போட்டாகிவிட்டது என்று மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்த குழிவெட்டி சொன்னார். எந்த எலும்பு எந்த எண்ணோடது என்று இனி யாருக்குத் தெரியப்போகிறது என்றும் சொன்னார்.

அவள் நகராமல் நிற்பதைப் பார்த்து, அவர் குழாயை மூடிவிட்டுக் கிட்டே வந்தார்.

"உங்க ஆளுங்களாம்மா?"

"ஆமாங்க" என்றாள் ஐஸக்கா.