மூடி போடாத கேமரா

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் மந்தாரக்குப்பத்தில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் கமாலுதீன், சரக்கைப் பற்றி ஆயிரம் பொய் சொல்வாரே தவிர, பெற்ற மகளைப் பற்றி ஒன்றுகூடச் சொல்ல மாட்டார். போன தை மாதம் அவர் வீட்டு மாடியில் நடந்தது இது.

மகள் ருக்சானா வானியல் படிப்புக்கு விண்ணப்பிக்க, ஓரியன் நெபுலா என்ற விண்மேகத்தை மூன்று அலைநீளங்களில் படமெடுத்து அன்று இரவுக்குள் அனுப்ப வேண்டும். அதற்காகத் திருவதிகையில் சின்னம்மாள் என்ற பெண்ணிடம், இறந்துபோன அவள் கணவரின் கேமராவைப் பேரம் பேசி வாங்கியிருந்தார்.

"மூடி கெடையாதுங்க. நீங்களும் போடாதீங்க," என்றாள் அவள்.

மூடி இல்லாததைக் காட்டி இன்னும் விலையைக் குறைத்தார். மற்றதைக் காதில் வாங்கவில்லை. விற்கிறவர்கள் எதையாவது சொல்லத்தான் செய்வார்கள். வடலூரில் புதுத் திருகுமூடி ஒன்று வாங்கிக்கொண்டார்.

மணி 7.10. நிலக்கரிச் சுரங்க விளக்குகளால் வெளுத்த வானம். சிவப்பு ஃபில்டரில் நெபுலா வெறும் புகை. ஹைட்ரஜன் ஒளியை மட்டும் விடும் ஃபில்டரில் தணலாக விரிந்தது. அகச்சிவப்பில், தூசிக்குப் பின்னால் ஒளிந்திருந்த நட்சத்திரங்களும் தெரிந்தன.

"இப்ப மூடி போட்டு நாலு படம் அத்தா. கேமராவோட சொந்தப் புள்ளிங்க மட்டும் விழும். அதைக் கழிச்சிட்டா வானம் சுத்தமாயிடும்."

7.41. முதல் படம். கறுப்பு.

7.43. நடுவில் வெளுப்பாக ஏதோ...

மூடி சரியில்லை, வெளிச்சம் புகுகிறது என்று துணியைச் சுற்றினார்.

7.45. உள்ளங்கை. ஐந்து விரல். கண்ணாடியில் அழுத்திப் பதிந்த மாதிரி.

7.47. இரண்டு கைகள்.

இரண்டுமே வலது கை.

டக்...

மூடிக்குள்ளிருந்து.

டக்... டக்...

பேட்டரியைக் கழற்றினார். நிற்கவில்லை. மூடி தானாகத் திரும்பியது. ருக்சானா அழுத்திப் பிடித்தாள். உள்ளிருந்து எதுவோ அவள் கையைத் தள்ளியது.

"விடு புள்ள."

மூடியைப் பிடுங்கி எறிந்தார். சத்தம் நின்றது.

புது மூடியின் உள்பக்கம் முழுக்க நகக்கீறல்.

ருக்சானா நெபுலா படங்களை அனுப்பிவிட்டாள்.

விடிந்ததும் கேமராவோடு திருவதிகை போனார். மூடி போட்டு எடுத்த படங்களைச் சின்னம்மாள் அவர் செல்போனில் பார்த்தாள். கணவர் பழனிவேலும் மூடி போட்டு எடுத்தாராம். மறுநாளே, ஜன்னல் திறந்திருந்த அறையில், மூச்சு முட்டிச் செத்தாராம்.

கடைசிப் படத்தில் விரல் வைத்தாள்.

"வளைஞ்ச சுண்டுவிரல். இது அவரு கை. அவரு எடுத்தப்ப அந்த இன்னொரு கை மட்டுந்தாங்க இருந்துச்சு."

கமாலுதீன் பேரம் பேசவில்லை. கேமராவை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்தார். செல்போன் அடித்தது. ருக்சானா.

"ஜன்னல் எல்லாத்தையும் தொறந்துட்டேன் அத்தா..." மூச்சு வாங்கியது. "காத்து... பத்தல."