துரையைத் தாண்டி ஓடியது

எங்கள் அப்பாவைப் போல் ஓடுகிறவரை நான் பார்த்ததில்லை. மகள் சொல்கிறாள் என்று தள்ளிவிட வேண்டாம். கோத்தா திங்கிப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாரைக் கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார்கள். மழை இருட்டிக்கொண்டு வந்தால், காண்டாக் கம்பைத் தோளில் வைத்து, இரண்டு முனையிலும் ரப்பர் பால் வாளி தொங்க, மேட்டிலிருந்து ஸ்டோருக்கு ஓடி வருவார். ஒரு சொட்டு சிந்தாது.

ஆனால் அவருக்கு ஒரு வியாதி இருந்தது. அவருக்கு மட்டுமா, எங்கள் எல்லோருக்கும்தான். தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரை எதிரே வந்தால் பாதையை விட்டு இறங்கி, தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர் போகும்வரை நிற்க வேண்டும். இதை யாரும் தனியாகச் சொல்லிக் கொடுத்ததில்லை. நடக்கப் பழகும்போதே கூடப் பழகிவிடும்.

தீபாவளிக்குத் தோட்டத்தில் ஓட்டப்பந்தயம் வைத்தார்கள். அப்பா எல்லோரையும் பின்னால் விட்டுவிட்டு வந்தார். முடிவில் கட்டியிருந்த கயிற்றுக்குப் பக்கத்தில் துரை நின்றிருந்தார். அப்பா அவரைப் பார்த்தார். அவ்வளவுதான். ஓரமாக ஒதுங்கி, துண்டை அவிழ்த்து, மூச்சிரைக்க நின்றுவிட்டார். மற்றவர்கள் அவரைக் கடந்து போய்க் கயிற்றைத் தொட்டார்கள்.

துரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நல்ல மனுஷன்தான். கோத்தா திங்கியில் தோட்டங்களுக்கு இடையே நடக்கும் போட்டிக்கு அப்பாவையே அனுப்பச் சொன்னார். ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி வந்து சேதி சொன்னார். “அங்க ஜெயிச்சா ஜொகூர் பாரு பெரிய திடல்ல ஓடலாம். தொரை சொல்லிட்டாரு, அவரப் பாத்து நிக்க வேணாமாம்.”

அந்தத் திடலில் ஓட வேண்டும் என்ற ஆசை அப்பாவைப் பிடித்துக்கொண்டது. வீட்டில் வேறு பேச்சே இல்லை. கூடவே பயமும் இருந்தது; அம்மாவிடம் புலம்பினார்.

“வேணாம்னு சொன்னாலும் காலு நிக்குதே புள்ள, நான் என்னா செய்ய?”

“நான் பாத்துக்கறேன்,” என்றாள் அம்மா.

சாயங்காலமானால் அம்மா ஒரு பழைய கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கையில் கம்போடு லயத்து முனையில் துரையாக நிற்பாள். அப்பா அவளைத் தாண்டி ஓட வேண்டும். முதல் நாள் அவளுக்கும் துண்டை அவிழ்த்தார். லயமே சிரித்தது.

“தோட்டத்துத் தொரைக்கு மட்டுமில்ல, வீட்டுத் தொரைக்கும் பயம்தான் போல,” என்று பக்கத்து வீட்டு அக்கா கேலி செய்தாள். நாளாக ஆக, அப்பாவின் கால் நிற்காமல் ஓடப் பழகியது.

போட்டிக்கு லாரியில் போனோம். ஓட நிற்கும்போது அம்மா அப்பாவின் துண்டை அவிழ்த்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். “இருந்தாத்தானே அவுப்பீங்க,” என்றாள்.

அன்றும் துரை கயிற்றருகில்தான் நின்றார். அப்பா அவரைத் தாண்டினார். முதல் ஆளாகக் கயிற்றை நெஞ்சால் தொட்டார். நான் சந்தோஷத்தில் குதித்தேன். ஆனால் அவர் நிற்கவில்லை. திடலைத் தாண்டி, சாலையைத் தாண்டி, ஓடிக்கொண்டே இருந்தார்.

ஆற்றங்கரையில் கண்டுபிடித்தோம். உட்கார்ந்திருந்தார். அம்மாவைப் பார்த்ததும் எழுந்தார்.

“தொரை என்னா சொன்னாரு புள்ள?”

“கை தட்டுனாருங்க,” என்றாள் அம்மா.

அவர் நம்பவில்லை. கெஞ்சிக் கூத்தாடி நாங்கள் அழைத்து வருவதற்குள், திடலில் கூப்பிட்டுப் பார்த்து, ஆளைக் காணோம் என்று இரண்டாவதாக வந்தவனை ஜொகூர் பாருவுக்கு எழுதிக்கொண்டார்கள். கிராணி போய்ப் பேசியும் ஒன்றும் நடக்கவில்லை. இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

லாரி இறக்கிவிட்ட இடத்திலிருந்து நடந்தோம். தோட்டத்துப் பாதையில் தூரத்தில் துரையின் கார் வந்தது. எல்லோரும் பாதையை விட்டு இறங்கினோம். அப்பாவின் கை தானாகத் தலைக்குப் போனது. வெறும் தலை. பதறிப்போய், அம்மாவின் இடுப்பிலிருந்து துண்டை உருவித் தலையில் கட்டினார். கார் பக்கத்தில் வந்ததும் அதை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார்.