பூசணிப் பாத்தி வைரவர்

என் அண்ணன் தங்கராசாவைப் போல ஒரு விடாக்கண்டனை ஜேர்மனியின் இந்த ஹம் நகரத்தில் விளக்குப் பிடித்துத் தேடினாலும் காண முடியாது. எண்பத்தைந்தில் அகதியாக வந்து, கம்பித் தொழிற்சாலையில் முதுகு முறிய வேலை செய்து, பென்சன் எடுத்த கையோடு ஊருக்கு வெளியே ஒரு தோட்டத் துண்டை வாடகைக்குப் பிடித்தார்.

அவருடைய பிடிவாதங்களிலே பெரியது எங்கள் தம்பி தபோதரன் விஷயம். தொண்ணூற்றாறில் ஊரில் ஆமிக்காரர் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போனார்கள். அதோடு சரி. "திவசம் செய்வம் அண்ணை, அவன் பசியோடை அலையக்கூடாது" என்று நான் வருடாவருடம் கத்துவேன். "எலும்பைக் காட்டு, செய்யிறன்" என்பார். செத்துவிட்டான் என்று சொல்ல அவருக்கு வாய் வராது. எனக்கு மட்டும் லேசாக வந்ததா? யாராவது ஒருவர் சொல்லத்தானே வேண்டும்.

தோட்டத்தின் பின்மூலையில், செரி மரத்தடியில், முழங்கால் உயரத்துக்கு ஒரு கறுப்புக் கல் நட்டிருந்தது. எங்கள் ஆளுக்கு வேறென்ன வேண்டும்? வளவு மூலையில் மரத்தடியில் கல் நின்றால் அது காவல் வைரவர்தான். கழுவிச் சந்தனம் பூசி, பொட்டு வைத்து, வெள்ளி தவறாமல் கற்பூரம் கொளுத்தினார். வேண்டுதல் ஒன்றே ஒன்று: "தம்பி எங்கையெண்டு காட்டு."

எனக்கு அந்த மூலை பிடிக்கவே இல்லை. காற்று வேலியை உலுப்பும்போதும் கற்பூரச் சுடர் அசையாது. பழுத்துக் கிடக்கும் செரியைக் குருவிகூடத் தொடாது. ஆனால் பூசணி மட்டும் கல்லைச் சுற்றிக் குடம் குடமாகக் காய்த்தது. நான்தான் அறுத்துக் கறி வைத்து, தெரிந்த சனத்துக்கெல்லாம் பங்கு போட்டேன்.

அடுத்த துண்டு கெர்டாவுடையது. எண்பத்தாறு வயது, தனிக்கட்டை. அண்ணன் கற்பூரம் கொளுத்தும்போதெல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நிற்பாள். பேசமாட்டாள், உதடு மட்டும் அசையும்.

"புகை பிடிக்கேல்லைப் போல. பொலிசுக்குச் சொல்லப்போறாள், பாருங்கோ" என்றேன்.

"நீ சும்மா இரு. அவவும் கும்பிடுறா" என்றார் அண்ணன்.

கார்த்திகையில் அண்ணன் கல்லுக்கு வடைமாலை சாத்தினார். அன்றுதான் கெர்டா படலையைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள். முகத்தில் இரத்தமே இல்லை.

"ஆர் உங்களுக்குச் சொன்னது?" என்று ஜேர்மனில் கேட்டாள்.

"என்னத்தை?" என்றார் அண்ணன்.

"இதுக்குக் கீழை அந்தப் பெடியன் கிடக்கிறானெண்டு."

கையிலிருந்த தட்டத்தை நான் கீழே வைத்துவிட்டேன்.

கெர்டா நின்றபடியே சொன்னாள். அப்போது இதெல்லாம் அவளுடைய தகப்பனின் வயல். இரண்டாம் உலகப் போரின் கடைசி மாரியில், குண்டுபோட வந்த இங்கிலிஷ் விமானம் ஒன்று அடிபட்டு, சக்கரம் விரியாமல், வயிற்றால் இழுபட்டு வந்து உழவுச் சேற்றில் நின்றது. ஆறு பேர் கையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். இராணுவம் கொண்டுபோனது; போர் முடிய வீடு போய்ச் சேர்ந்தார்கள். ஏழாவது பெடியன் கால் முறிந்து, தவழ்ந்து வந்து, இவர்களுடைய வைக்கோல் கொட்டிலுக்குள் ஒளித்திருந்தான். முந்தின கிழமைதான் குண்டு விழுந்து கெர்டாவின் தமையன் செத்திருந்தான். தகப்பன் மண்வெட்டியோடு கொட்டிலுக்குள் போனார். ஏழு வயதுக் கெர்டா கதவு இடுக்கால் பார்த்தாள். பிறகு தாய் இந்தக் கல்லை நட்டு, வாய் திறக்காதே என்றாள். தகப்பன் நல்ல மனிதர் என்று பெயர் வாங்கித்தான் செத்தார். வயலைத் தோட்டங்களாகப் பிரித்தபோது, கல்லுக்குப் பக்கத்துத் துண்டைக் கெர்டா எடுத்துக்கொண்டாள்.

ஐயோ, என்ரை கடவுளே! எத்தனை பூசணிக்காய் தின்றிருப்போம். "பேய் மனிசி, இவ்வளவு காலமும் வாயை மூடிக்கொண்டு இருந்தியே!" என்று தமிழிலேயே கத்தினேன்.

அண்ணன் கையைக் காட்டி என்னை அடக்கினார். "அவன் ஏதும் சொன்னவனோ?" என்று அவளிடம் கேட்டார்.

"தாயைக் கூப்பிட்டவன். எனக்கு இங்கிலிஷ் தெரியாது. அது விளங்கினது."

"ஏன் ஒருத்தரிட்டையும் சொல்லேல்லை?"

"ஒருத்தரும் கேக்கேல்லை."

அண்ணனே அவளைக் காரில் ஏற்றிப் பொலிசுக்குக் கூட்டிப்போனார். கூடாரம் அடித்துத் தோண்டினார்கள். கிடந்தான். பெயரைக் கண்டுபிடிக்க மாதக்கணக்கில் ஆனது. இங்கிலாந்தில் அவனுடைய தங்கச்சி இன்னும் உயிரோடு இருந்தாள். தன் அண்ணன் வருவான் என்று இத்தனை காலமும் அவனுடைய பிறந்தநாளுக்குக் கேக் வெட்டிக்கொண்டிருந்தாளாம்.

அந்தச் செய்தி வந்த அன்று அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

"கலா, தம்பிக்கு இலை போடு."

"எலும்பு?" என்றேன்.

"ஊரிலையும் ஒரு குழந்தைப்பிள்ளை எங்கையோ நிண்டு பாத்திருக்கும். ஆரெண்டு தேடிப் போய்க் கேக்கிறது? நீ போடு."

சோறு வடித்தேன். தமிழ்க் கடையில் வாங்கிய வாழையிலையைக் கழுவி மேசையில் விரித்தேன். அவனுக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பொரியலையும் இறக்கிவைத்தேன். அகப்பையில் சோற்றை அள்ளிக்கொண்டு இலைக்கு முன்னால் நின்றால், கை இறங்கமாட்டேன் என்கிறது. இத்தனை வருடமும் கத்தியவள் நான்தான்.

"அண்ணை, எனக்கு ஏலாது" என்றேன். "இன்னும் ஒரு வருசம் பாப்பமோ?"